லோக்கல் சர்வர்தானே என்று விட்டுவிடாதீர்கள்!

2017 மே 12, வெள்ளிக்கிழமை. உலகம் முழுக்க ஒரே நாளில் லட்சக்கணக்கான கணினிகளின் திரை சிவந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டோம், 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் அனுப்பினால்தான் திறப்போம் என்ற மிரட்டல் அதில் இருந்தது. 'வானாகிரை' என்று பெயர் பெற்ற அந்தப் பணயத் தாக்குதலில் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஆந்திராவில் சித்தூர் உட்பட சில மாவட்டங்களின் காவல்துறைக் கணினிகள் முடங்கின. சில நாட்களில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கணினிகள் சிலவும் பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. பக்தர்களுக்கான சேவை தடைபடாததால் ஊர் பெருமூச்சு விட்டது.

இரண்டு வருடம் கழித்து, 2019 ஏப்ரல் கடைசியில் இன்னொன்று. ஆந்திரா, தெலங்கானா இரண்டு மாநிலங்களின் மின்பகிர்மான நிறுவனங்களும் பணயத் தாக்குதலுக்கு ஆளாயின. திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு மின்பகிர்மானக் கழகமும் அதில் ஒன்று. இணையதளங்கள் நின்றன. மின்கட்டணத்தை ஆன்லைனில் கட்டிப் பழகியவர்கள் தவித்தார்கள்.

இவை பெரிய நிறுவனங்களின் கதை. நாம் பேச வந்தது சின்ன விஷயம்: ஒரு கல்லூரி மாணவரின் லேப்டாப்பில் ஓடும் சர்வர். அதில் பாஸ்வேர்ட் போடுவதைப் பற்றி. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வானாகிரை யாருடைய பாஸ்வேர்டையும் கேட்கவில்லை; விண்டோஸில் கோப்புகளைப் பகிரும் வசதியில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஆனால் அது பரவிய விதத்தைப் பாருங்கள். ஒரு வலையமைப்பில் ஒரு கணினிக்குள் புகுந்துவிட்டால் போதும், பக்கத்தில் உள்ளவற்றைத் தானாகவே தேடிப் பிடித்தது. அலுவலகத்துக்குள்ளே இருக்கிற கணினிகள் ஒன்றை ஒன்று சந்தேகிக்க வேண்டியதில்லை என்று நாம் வைத்திருந்த நம்பிக்கைதான் அதற்குத் தீனி. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் 5 சர்வர்கள் பூட்டப்பட்டபோதும், உள்வலையைச் சரியாகப் பிரித்து வைக்காததுதான் காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது.

'லோக்கல்ல தானே சார் ஓடுது, பாஸ்வேர்ட் எதுக்கு?' என்று ஒரு மாணவர் கேட்கும்போது அவர் சொல்வதும் அதே நம்பிக்கையைத்தான். அந்த நம்பிக்கை முதலில் முளைக்கும் இடம் கல்லூரி லேப்.

சித்தூர் சாலையில் ஒரு கணினி உலகம்

1911 வரை வடஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த ஊர் சித்தூர். இன்றும் தமிழும் தெலுங்கும் ஒரே பெஞ்சில் உட்காரும் ஊர். அங்கிருந்து திருப்பதி வரைக்குமான பகுதி, கடந்த முப்பது ஆண்டுகளில் பொறியியல் கல்லூரிகளின் பகுதியாக மாறிவிட்டது. 1954-ல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் 1983-ல் வந்த பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் பழையவை. 2015-ல் ஐ.ஐ.டி.யும், அறிவியல் கல்விக்கான ஐசரும் திருப்பதிக்கு வந்தன. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் ஐ.ஐ.ஐ.டி. இருக்கிறது. இவற்றுக்கு நடுவே தனியார் பொறியியல் கல்லூரிகள் பல. அந்தப் பக்கத்திலிருந்து வேலூருக்கும் சென்னைக்கும் படிக்கப் போகிறார்கள்; வேலூர், திருத்தணிப் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்கிறார்கள்.

நாட்டில் எங்கே கணினி படித்தாலும் வெப் டெவலப்மென்ட் பாடத்தின் முதல் வாரம் ஏறக்குறைய ஒன்றுதான். எக்ஸாம்ப் என்ற இலவச மென்பொருளை இறக்குவார்கள். அப்பாச்சி என்ற வெப் சர்வர், மரியா டி.பி. என்ற டேட்டாபேஸ், பி.எச்.பி., பெர்ல் மொழிகள் எல்லாம் ஒரே பொட்டலமாக வரும். 2002-ல் ஜெர்மனியில் அப்பாச்சி ஃப்ரெண்ட்ஸ் என்ற குழு இதைத் தொடங்கியது. தனித்தனியாக நிறுவி ஒன்றோடு ஒன்றைப் பொருத்த ஒரு நாள் முழுக்கப் போன காலத்தில், பத்து நிமிடத்தில் வேலையை முடித்துக்கொடுத்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் பழைய லேப்டாப்பில் வெப்சைட் கட்டக் கற்றுக்கொண்டதற்கு இந்த மென்பொருள் பெரிய காரணம். அந்த நன்றியோடுதான் இதைச் சொல்ல வேண்டும்: அது பூட்டில்லாமல் வருகிறது.

தயாரித்தவர்கள் இதை மறைக்கவில்லை. இது மென்பொருள் எழுதுபவர்களின் பயிற்சிக்காக மட்டுமே, எல்லாவற்றையும் முடிந்தவரை திறந்தே வைத்திருக்கிறோம், பொதுமக்கள் பார்க்கும் தளத்தை இதில் நடத்தாதீர்கள் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். டேட்டாபேஸின் தலைமைக் கணக்கான 'ரூட்'டுக்கு பாஸ்வேர்ட் கிடையாது. லினக்ஸ் பதிப்பில் கோப்பு ஏற்றும் எஃப்.டி.பி. கணக்கின் பாஸ்வேர்ட் 'லாம்ப்' என்று உலகத்துக்கே தெரியும். பழைய விண்டோஸ் பதிப்புகளில் வெப்டாவ் என்ற வசதி இயங்கிக்கொண்டே இருந்தது; அதன் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். அதைத் தேடிப் பிடித்து, பிறர் கணினியில் தங்கள் நிரலை ஏற்றிப் போனவர்கள் உண்டு.

இதற்கு மேல் நாமே சிலவற்றைத் திறந்துவிடுகிறோம். புதிய பதிப்புகளில் பி.எச்.பி. மை அட்மின் என்ற டேட்டாபேஸ் நிர்வாகப் பக்கத்தை அந்தக் கணினியில் உட்கார்ந்திருப்பவர் மட்டுமே பார்க்க முடியும். நல்ல ஏற்பாடு. ஆனால் ரிவ்யூ நாளன்று செல்போனிலோ நண்பர் லேப்டாப்பிலோ திறந்து காட்ட வேண்டும் என்றால் 'ஆக்சஸ் ஃபர்பிடன்' என்று மறுக்கும். உடனே இணையத்தில் தேடி, யாரோ சொன்னபடி ஓர் அமைப்புக் கோப்பில் 'உள்ளிருந்து மட்டும்' என்ற வரியை 'எல்லாருக்கும் அனுமதி' என்று மாற்றுவார்கள். ரிவ்யூ முடியும். மதிப்பெண் வரும். அந்த வரியைப் பழையபடி மாற்ற யாருக்கும் நினைவிருக்காது. விண்டோஸ் ஃபயர்வால் முதல் நாள் கேட்ட கேள்விக்கு 'அலவ்' என்று அழுத்தியதும் அப்படித்தான். அப்பாச்சி 80-ஆம் போர்ட்டில் வலையமைப்பு முழுவதற்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

எச்டிடாக்ஸ் என்ற கோப்புறைக்குள் நாம் போட்டு வைப்பதெல்லாம் அந்த வழியே தெரியும். முகப்புக் கோப்பு இல்லாத கோப்புறை என்றால் உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியலையே அப்பாச்சி காட்டிவிடும். பழைய புராஜெக்ட், டேட்டாபேஸின் பேக்கப், சர்டிபிகேட் ஸ்கேன் என்று எது அங்கே கிடந்தாலும் ஹாஸ்டல் வைஃபையில் இருக்கிற யாரும் எடுத்துப் போகலாம். ஹாஸ்டல் வலையமைப்பு என்பது திருமலைச் சத்திரத்தின் பொதுக் கூடம் மாதிரி. சுற்றிப் படுத்திருப்பவர்கள் நல்லவர்கள்தான், ஆனாலும் பையைத் தலைக்கு வைத்துத்தான் தூங்குகிறோம்.

முதல் திருட்டே லேபில்தான்

பாஸ்வேர்டின் வரலாறு தெரிந்தால் இந்தக் கவலை மிகையாகத் தோன்றாது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், ஒரே பெரிய கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் முறையை ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ என்ற பேராசிரியரின் குழு உருவாக்கியது. ஒவ்வொருவர் கோப்பும் ஒவ்வொருவரிடமே இருக்க, தனித்தனி பாஸ்வேர்ட் கொடுத்தார்கள். கணினியில் பாஸ்வேர்ட் பரவலானது அங்கிருந்துதான். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று ஆளுக்கு ஒதுக்கீடும் உண்டு.

1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. பாஸ்வேர்ட் கோப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதை அச்சடித்துத் தரும்படி ஒரு துளையட்டையில் கோரிக்கை போட்டார். அச்சாகி வந்துவிட்டது. மற்றவர்களின் கணக்கில் நுழைந்து தன் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். பல வருடம் கழித்து அவரே இதைச் சொன்னார். 1966-ல் அதே கணினியில் இன்னொரு கோளாறு: உள்ளே நுழைகிறவர்களுக்குக் காட்டும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக, எல்லாருடைய பாஸ்வேர்டுகளும் வந்தன.

ஷெர் கெட்ட மனிதர் இல்லை. ஆய்வை முடிக்க அவசரப்பட்ட மாணவர். நம் லேப்களிலும் பக்கத்து பேட்ச் புராஜெக்டை எட்டிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களே. ஆனால் செமஸ்டர் கடைசியில் ஒருவரின் டேட்டாபேஸை இன்னொருவர் விளையாட்டாக அழித்துவிட்டால், மூன்று மாத உழைப்பு போய்விடும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவும் 66-ஆம் பிரிவும் அடுத்தவர் கணினிக்குள் அனுமதியின்றி நுழைவதைத் தண்டனைக்குரிய குற்றமாகத்தான் பார்க்கின்றன. பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவர் அந்த வழக்கில் போய் நிற்க வேண்டாம். அதற்கும் சேர்த்துத்தான் பூட்டு வேண்டும் என்கிறோம்.

வெளி உலகம் இன்னும் கடுமையானது. 2017 ஜனவரியில் பாஸ்வேர்ட் இல்லாத மாங்கோ டி.பி. டேட்டாபேஸ்களைத் தேடித் தேடி அழித்தார்கள். அதன் பழைய பதிப்புகள் எக்ஸாம்ப் மாதிரியே பூட்டில்லாமல் வந்தவை. யாரோ ஒருவர் சோதனைக்காக நிறுவி அப்படியே மறந்துபோன சர்வர்களும் அவற்றில் இருந்தன. பல்லாயிரம் டேட்டாபேஸ்கள் சில வாரங்களில் காலியாயின. உள்ளே ஒரே ஒரு குறிப்பு மட்டும்: 0.2 பிட்காயின் அனுப்பு, திருப்பித் தருகிறேன். பணம் கட்டியவர்களில் பலருக்கும் எதுவும் திரும்பவில்லை, ஏனென்றால் திருடியவர்கள் நகல் எடுக்காமலேயே அழித்திருந்தார்கள். அடுத்த மாதமே மை எஸ்.க்யூ.எல். டேட்டாபேஸ்களுக்கு அதே கதி. அங்கே ரூட் பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்து நுழைந்தார்கள்.

பெரியவர்களும் தப்பவில்லை. 2019 ஜனவரியில், மிஸ்டு கால் கொடுத்தால் வங்கி இருப்பைச் சொல்லும் ஸ்டேட் வங்கிச் சேவையின் சர்வர் ஒன்று பாஸ்வேர்ட் இல்லாமல் மும்பையில் ஓடிக்கொண்டிருந்தது வெளியே தெரிந்தது. வாடிக்கையாளர்களுக்குப் போகும் குறுஞ்செய்திகள், இருப்புத் தொகை உட்பட, விவரம் தெரிந்த யாரும் படிக்கும்படி இருந்தன. தகவல் தெரிந்ததும் ஒரே நாளில் பூட்டினார்கள். அந்த சர்வரை முதலில் நிறுவியவரும் எங்கோ ஒரு லேபில் முதல் பாடம் படித்தவராகத்தான் இருப்பார்.

யாத்திரை ஊரின் தனிக் கவலை

திருப்பதிக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. நாளொன்றுக்கு 60,000 பேருக்கும் மேல் மலையேறும் ஊர். தரிசன டிக்கெட்டுக்கு ஆதார் வேண்டும். லாட்ஜில் அறை எடுக்க அடையாள அட்டை நகல் வேண்டும். நெட் சென்டரில் டிக்கெட் போட்டால் குடும்பத்தில் உள்ளவர்களின் பெயர், வயது, எண் எல்லாம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போகும் நாமும் யோசிக்காமல் கொடுத்துவிட்டு வருகிறோம்.

சிறு லாட்ஜ், டிராவல்ஸ், கடைகளுக்கு மென்பொருள் செய்து கொடுப்பது யார்? பெரும்பாலும் உள்ளூரில் படித்து முடித்த இளைஞர்கள். கல்லூரியில் பழகிய அதே எக்ஸாம்பை ரிசப்ஷன் கணினியில் நிறுவி, அறை பதிவுக்கு ஒரு சின்ன மென்பொருள் எழுதி, பக்கத்து அறைக் கணினியிலிருந்தும் பார்க்கும்படி வைத்துவிட்டுப் போவது நம் ஊர்களிலும் சாதாரணமாக நடக்கிற வேலை. விருந்தினருக்கான வைஃபையும் அந்தக் கணினியும் ஒரே ரவுட்டரில் இருக்கும். அங்கே ரூட் கணக்குக்கு பாஸ்வேர்ட் இல்லையென்றால், எச்டிடாக்ஸ் பூட்டப்படவில்லையென்றால், சாமி கும்பிட வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடையாள விவரம் அறைக்கு வந்து போகிறவர்கள் கையில்.

லேபில் பழகிய பழக்கம் இப்படித்தான் வேலைக்குப் போகிறது. பயிற்சிக்காகத் திறந்து வைத்த சர்வரும் பணத்துக்காக நிறுவிக் கொடுத்த சர்வரும் ஒரே கைகளால் செய்யப்படுபவை. இருபது வயதில் பூட்டாமல் பழகியவர் இருபத்தைந்து வயதில் திடீரென்று பூட்ட மாட்டார்.

எப்படிப் பூட்டுவது?

முதலில் ரூட். எக்ஸாம்ப் கண்ட்ரோல் பேனலில் அப்பாச்சியையும் மை எஸ்.க்யூ.எல்.லையும் (அந்தப் பேனலில் மரியா டி.பி.க்கு இந்தப் பெயர்தான்) தொடங்கி, பிரவுசரில் பி.எச்.பி. மை அட்மின் பக்கத்துக்குப் போங்கள். 'யூசர் அக்கவுண்ட்ஸ்' பிரிவில் ரூட் என்ற பெயர் மூன்று வரிகளில் இருக்கும்: லோக்கல்ஹோஸ்ட், 127.0.0.1, அதன் ஐ.பி. ஆறாம் பதிப்பு வடிவம். மூன்றும் தனித்தனிக் கணக்குகள். ஒன்றுக்கு மட்டும் பாஸ்வேர்ட் போட்டுவிட்டு நிறுத்துவது பலரும் செய்யும் தவறு. மூன்றுக்கும் போடுங்கள்.

போட்ட உடனே பக்கம் 'ஆக்சஸ் டினைட்' என்று சிவப்பில் கத்தும். இங்கேதான் பாதிப் பேர் பயந்து, எக்ஸாம்பையே நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவுகிறார்கள். மறுபடியும் பூட்டில்லாத சர்வர். எதுவும் கெடவில்லை. ரூட்டுக்கு பாஸ்வேர்ட் கிடையாது என்று பி.எச்.பி. மை அட்மினின் அமைப்புக் கோப்பில் முன்பே எழுதியிருக்கிறது. அது இப்போது பொய்யாகிவிட்டது, அவ்வளவுதான். கண்ட்ரோல் பேனலில் அப்பாச்சி வரிசையில் உள்ள 'கான்ஃபிக்' பொத்தானை அழுத்தினால் அந்தக் கோப்பு பட்டியலில் கிடைக்கும். அதில் உள்நுழையும் முறை 'கான்ஃபிக்' என்று இருப்பதை 'குக்கி' என்று மாற்றுங்கள். பாஸ்வேர்ட் இல்லாமல் அனுமதி என்ற வரியில் 'ட்ரூ' இருப்பதை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். ரகசியச் சாவி கேட்கும் வரியில் 32 எழுத்துகளைத் தாறுமாறாகத் தட்டி வையுங்கள். இனிமேல் அந்தப் பக்கம் திறக்கும்போதெல்லாம் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். புதிய ரூட் பாஸ்வேர்டை அந்தக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும்படி சொல்லும் பாடங்கள் நிறைய உண்டு. அப்படிச் செய்தால் பக்கம் பழையபடி யாரையும் கேட்காமல் திறக்கும். போட்ட பூட்டு வீண்.

லினக்ஸில் எக்ஸாம்ப் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். 'லாம்ப் செக்யூரிட்டி' என்ற ஒரே கட்டளை, கேள்வி கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகப் பாஸ்வேர்ட் போட வைக்கும்.

அடுத்தது, புராஜெக்டில் ரூட் கணக்கைப் பயன்படுத்தாமல் இருப்பது. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஒவ்வொரு புராஜெக்டுக்கும் ஒரு தனி டேட்டாபேஸ், ஒரு தனிப் பயனர். அந்தப் பயனருக்கு அந்த டேட்டாபேஸில் படிக்க, சேர்க்க, திருத்த, நீக்க மட்டும் உரிமை. உங்கள் லாகின் பக்கத்தில் எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் ஓட்டை (உள்ளீட்டுப் பெட்டி வழியே டேட்டாபேஸ் கட்டளையை நுழைக்க இடம் தரும் பிழை) இருந்து யாராவது நுழைந்தாலும் சேதம் அந்த ஒரு டேட்டாபேஸோடு பெரும்பாலும் நிற்கும். ரூட்டாக இணைந்திருந்தால் எல்லாமே போகும். எக்ஸ்டர்னல் தேர்வாளர்கள் புராஜெக்டில் வண்ணத்தையும் கிராஃபையும் பார்ப்பதற்கு முன், டேட்டாபேஸோடு எந்தக் கணக்கில் இணைகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டால், அடுத்த வருடமே நிலைமை மாறும்.

மூன்றாவது, கோப்புறைக்குப் பூட்டு. அப்பாச்சியோடு பாஸ்வேர்ட் கோப்பு உருவாக்கும் ஒரு சிறு நிரலும் வருகிறது, அதன் 'பின்' (bin) என்ற கோப்புறையில். முதல் பயனரைச் சேர்க்கும்போது மட்டும் 'சி' என்ற குறி கொடுக்க வேண்டும். அது புதிய கோப்பு உருவாக்கும் குறி. இரண்டாவது பயனருக்கும் அதையே கொடுத்தால் பழைய பயனர் அழிந்துவிடுவார். பெரிய 'பி' குறியும் சேர்த்தால் பாஸ்வேர்டை பி-கிரிப்ட் முறையில் உருமாற்றிச் சேமிக்கும். கோப்பு திருடுபோனாலும் உடைப்பது கடினம். இந்தக் கோப்பை எச்டிடாக்ஸுக்கு வெளியே வையுங்கள். பிறகு பூட்ட வேண்டிய கோப்புறையில் எச்டிஆக்சஸ் என்ற கோப்பில் நான்கு வரி: பூட்டின் வகை, அதன் பெயர், பாஸ்வேர்ட் கோப்பு இருக்கும் இடம், செல்லுபடியாகும் பயனர் மட்டும் என்ற கட்டளை. இந்த முறையில் பாஸ்வேர்ட் வலையில் ஏறக்குறைய வெளிப்படையாகவே போகிறது. ஆகையால் பொது வைஃபையில் எச்.டி.டி.பி.எஸ். இல்லாமல் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

நான்காவது, பாஸ்வேர்டையும் விடப் பலமான ஒரு சின்ன மாற்றம். அப்பாச்சியின் முக்கிய அமைப்புக் கோப்பில் 'லிசன் 80' என்று இருக்கும் வரியை 'லிசன் 127.0.0.1:80' என்று எழுதுங்கள். எச்.டி.டி.பி.எஸ். அமைப்புக் கோப்பில் 443 என்று இருக்கும் வரிக்கும் அப்படியே. டேட்டாபேஸின் அமைப்புக் கோப்பில் 'பைண்ட் அட்ரஸ்' வரிக்கு முன்னால் உள்ள ஹேஷ் குறியை எடுங்கள். இரண்டையும் நிறுத்தி மறுபடி தொடங்கினால், இனிமேல் உங்கள் சர்வர் உங்கள் கணினிக்கு மட்டுமே பதில் சொல்லும். பக்கத்து லேப்டாப்பில் காட்ட வேண்டிய நாளில் மாற்றிக்கொள்ளலாம். அன்று மாலையே பழையபடி வைக்க வேண்டும்.

இந்த மாற்றம் ஏன் முக்கியம் என்பதை 2024 ஜூனில் பார்த்தோம். விண்டோஸில் பி.எச்.பி. இயங்கும் ஒரு முறையில் பெரிய ஓட்டையைத் தைவானின் டெவ்கோர் நிறுவனத்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நிறுவியபடியே ஓடும் எக்ஸாம்ப் அதில் சிக்கும் என்றும் எச்சரித்தார்கள். சீன, ஜப்பானிய மொழி விண்டோஸில் உறுதியானது. மற்ற மொழிகளில் இல்லை என்று சொல்ல முடியாது என்றார்கள். ஜூன் 6-ஆம் தேதி திருத்தம் வந்தது. இரண்டே நாளில் பணயக் கும்பல் ஒன்று அந்த ஓட்டை வழியாகக் கணினிகளைப் பூட்டத் தொடங்கிவிட்டது. எவ்வளவு நல்ல பாஸ்வேர்டும் அந்த ஓட்டையைத் தடுத்திருக்காது. வெளியே பதில் சொல்லாத சர்வர் தப்பித்திருக்கும். புதுப்பித்த சர்வர் தப்பித்திருக்கும். மூன்று வருடம் முன்பு சீனியர் பென்டிரைவில் கொடுத்த எக்ஸாம்பை இன்னமும் நிறுவிக்கொண்டிருக்கும் லேப்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

என்கிராக் போன்ற டனல் சேவைகளையும் சொல்லியாக வேண்டும். வீட்டிலிருந்தே கைடுக்கு டெமோ காட்ட மாணவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அதை இயக்கிய நொடியிலிருந்து உங்கள் லோக்கல் சர்வர் உலக சர்வர். அந்தச் சேவையிலேயே பெயர், பாஸ்வேர்ட் கேட்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுத் திறங்கள், டெமோ முடிந்ததும் நிறுத்துங்கள்.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டைக் கோடிங்கிலேயே எழுதி கிட்ஹப்பில் ஏற்றுவது இன்னொரு வியாதி. அடுத்த நாள் நீக்கினாலும் பழைய பதிப்புகளின் வரலாற்றில் அது இருக்கும். ஒருமுறை ஏறிவிட்டால் பாஸ்வேர்டையே மாற்றுவதுதான் வழி. தனிக் கோப்பில் வைத்து, அந்தக் கோப்பை ஏற்றக்கூடாத பட்டியலில் முதல் நாளே சேருங்கள்.

எந்த பாஸ்வேர்ட் வைப்பது? சாமி பெயரும் பிறந்த வருடமும் வேண்டாம். உங்களைத் தெரிந்தவர் முதலில் அடித்துப் பார்ப்பது அதைத்தான். 2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடிக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் திருடப்பட்டு வெளியே வந்தன. அதில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. அந்தப் பட்டியலை வைத்துத்தான் இன்றும் கணினிகள் ஊகித்துப் பார்க்கின்றன. சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைத் தமிழும் தெலுங்குமாகக் கலந்து ஆங்கில எழுத்தில் நீளமாக எழுதுங்கள். நினைவில் நிற்கும், ஊகிக்க முடியாது. சித்தூர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு மொழி தெரிந்திருப்பது இங்கே நிஜமான பலம். நிறைய பாஸ்வேர்ட் இருந்தால் கீபாஸ், பிட்வார்டன் போன்ற இலவசப் பெட்டகங்கள் இருக்கின்றன. மானிட்டர் ஓரத்தில் சீட்டு ஒட்ட வேண்டாம்.

பொறுப்பு யாருடையது?

மாணவரை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. லேப் மேனுவலில் எக்ஸாம்ப் நிறுவும் முறை படத்தோடு இருக்கும். பாஸ்வேர்ட் போடும் முறைக்கும் அதில் ஒரு பக்கம் வேண்டும். ஒரே லேபில் அறுபது கணினிகள் ஒரே நகலிலிருந்து நிறுவப்படும்போது அந்த மூல நகலிலேயே மேலே சொன்ன 'லிசன்' மாற்றத்தைச் செய்துவிட லேப் அசிஸ்டென்ட்டுக்கு அரை மணி நேரம் போதும். ஹாஸ்டல் வலையையும் அலுவலக வலையையும் பிரித்து வைப்பது நெட்வொர்க் அட்மினின் வேலை. எய்ம்ஸ் பாடம் அதுதான்.

வேலைக்குப் போனபின் சட்டம் காத்திருக்கிறது. சைபர் தாக்குதல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ல் உத்தரவு வந்தது. 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பில்லாமல் பிறர் விவரத்தைக் கசியவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஆதார் நகல் வாங்கி வைக்கும் லாட்ஜ் உரிமையாளர்கள், மென்பொருள் செய்து கொடுத்த தம்பியை ஒருமுறை கூப்பிட்டு, ரூட் கணக்குக்கு பாஸ்வேர்ட் இருக்கிறதா, வைஃபை தனியாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

பேராசிரியர்களுக்கும் லேப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பேட்ச் எக்ஸாம்பை நிறுவும் நாளில், 'ஹலோ வேர்ல்ட்' எழுத வைப்பதற்கு முன் ரூட் கணக்குக்கு பாஸ்வேர்ட் போட வைத்து, ரெக்கார்ட் நோட்டில் அதையே முதல் பயிற்சியாக எழுதச் சொல்லுங்கள்.